வீடா, சானடோரியமா?

(செவிலியர் கல்லூரி ஆண்டு விழாவொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிப் பேசவேண்டும் என்று இக்கல்லூரியார் என்னைக் கேட்டுக்கொண்டபோது, வைத்தியத்திலும் செவிலியத்திலும் அவற்றைச் சார்ந்த துறைகளிலும் ஆண்டுதோறும் பிரசுரமாகும் கட்டுரைகளின் தொகையை எண்ணிச் சற்றே மலைத்தேன். எல்லாவற்றைப் பற்றியும் சிறிது சிறிதாகச் சொல்லுவதைக் காட்டிலும், ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு, அது பிறந்த ஊரையும், அதனைப் பிறப்பித்த கேள்வியையும், படித்தவர்கள் அதைப் புரிந்துகொண்ட விதத்தையும், புரிந்துகொள்ளத் தவறிய விதத்தையும் சொல்லுவதே நலம் என்று பின்னர்த் துணிந்தேன். தவறியவர்களுள் நானும் ஒருத்தி. அதனையும் மறைக்காமல் சொல்லவே வந்திருக்கிறேன். அக்கட்டுரை பிறந்த ஊர் நம் சென்னை. பிரசுரமான ஆண்டு 1959. அது கேட்ட கேள்வி, காசநோய் கண்டவனை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த இயலுமா, அல்லது சானடோரியத்துக்கு அனுப்பித்தான் தீரவேண்டுமா என்பது.

இன்று கேட்கும்போது இக்கேள்வி எளிதாகத் தோன்றலாம். அக்காலத்தில் அது எத்துணைப் பயங்கரமான கேள்வி என்பதை அறிய, என் பெரியம்மாவின் கதையைச் சொல்லவேண்டும். நான் பிறப்பதற்கு முன்னமே அவள் இறந்துபோனாள். ஆயினும் அவள் இருந்த கொல்லைப்புற அறையை நான் அறிவேன், ஏனெனில் அவள் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் குழந்தைகளாகிய எங்களை அதற்குள் விளையாட விடமாட்டார்கள். அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். தன் கைக்குழந்தையைச் சன்னல் கம்பிகளுக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள் என்று என் தாயார் சொல்லுவார். க்ஷயம் என்ற சொல்லை வீட்டில் யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். சானடோரியத்தில் இடம் கேட்டு எழுதிப்போட்டார்கள்; இடம் கிடைத்தது என்ற கடிதம் வந்தபோது, போகவேண்டியவள் இல்லை.

சானடோரியம் என்பது அந்நாளில் வெறும் கட்டடமன்று, ஒரு நம்பிக்கை. ஐரோப்பாவிலே மலைக்காற்றும் பூரண ஓய்வும் புஷ்டியான உணவும் இந்நோய்க்கு மருந்தாகும் என்று கருதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இத்தகைய இல்லங்களைக் கட்டினார்கள். அந்த எண்ணத்தை நம் மண்ணில் ஊன்றியவர்களுள் ஒருவர் டாக்டர் சௌரி முத்து. 1928-இல் அவர் தாம்பரத்துக்கு அருகே தொடங்கிய இல்லம் பின்னர் அரசின் வசமாயிற்று. இன்றும் மின்சார ரயிலில் போகிறவர்கள் தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தின் பெயரில் அவருடைய முயற்சியின் நினைவைக் கடந்தே செல்லுகிறார்கள். ஆனால் தேசத்தில் நோயாளிகள் பல லட்சம். சானடோரியப் படுக்கைகளோ சில ஆயிரங்களே. படுக்கைக்காகக் காத்திருந்தே மாய்ந்தவர்களின் கணக்கை எவரும் எழுதிவைக்கவில்லை.

இந்நிலையில்தான் மருந்து வந்தது. 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். யுத்தம் முடிந்து கையில் டாலரின்றித் தவித்த பிரிட்டனுக்கு அம்மருந்து மிகச் சிறிதளவே வாய்த்தது. எல்லாருக்கும் கொடுக்க இயலாது என்ற அந்த வறுமையே ஒரு பெரும் சோதனைக்கு வாசலைத் திறந்தது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதை வைத்தியரின் மனத்துக்கு விடலாகாது என்று சொன்னவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலறிஞர். அவர் வைத்தியர் அல்லர், வைத்தியராக விரும்பியவர், முதல் உலக யுத்தத்தில் பணியாற்றச் சென்ற இடத்தில் காசநோய் பற்ற, அந்த ஆசையைக் கைவிட்டு, தேறிவருங்காலத்தில் அஞ்சல் வழியே பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றவர். தம்மைப் படுக்கையில் தள்ளிய நோய்க்கே அவர் பின்னாளில் நியாயமான பரீட்சை ஒன்றை வகுத்துக் கொடுத்தார் என்பதை நினைக்குந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

அப்பரீட்சையின் தத்துவம் நமக்குப் புதியதன்று. நம்மூர்க் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பதை அறிவீர்கள்: செம்பூவும் வெண்பூவும் தனித்தனியே பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் வைத்து, ஒன்றும் அறியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுவார்கள். எடுப்பவருக்கு விருப்பு வெறுப்பு இருத்தலாகாது என்பதே அதன் உட்கருத்து. ஹில் செய்ததும் அத்தகையதே. தற்போக்கு எண்களைக் கொண்டு முன்னரே வகுத்து, உறைகளில் இட்டு ஒட்டிய சீட்டுகளே யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைத் தீர்மானித்தன. வைத்தியன் தன்னையறியாமலே தேறக்கூடியவனுக்குப் புதுமருந்தையும், தேறாதவனுக்குப் பழைய முறையையும் கொடுத்துவிட்டுப் பின்னர் மருந்தைப் புகழ்வான். அந்தப் பிழையைத் தடுக்க வேறு வழியில்லை. 107 நோயாளிகளில் 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டுமே. ஆறு மாத முடிவில் முதற்பிரிவில் இறந்தோர் 4 பேர், இரண்டாம் பிரிவில் 14 பேர். மார்பின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்களுக்கு எப்படம் எப்பிரிவைச் சேர்ந்தது என்பது தெரியாது. 1948 அக்டோபர் 30-ஆம் நாள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியாயிற்று.

வெற்றிச் செய்தியோடு அந்த ஆய்வாளர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். பல நோயாளிகளின் கிருமிகள் சில மாதங்களிலேயே மருந்துக்கு அடங்காதனவாகிவிட்டன என்பதையும் அதே கட்டுரையில் எழுதினார்கள். அந்நோயாளிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, இரு பிரிவுக்கும் இடையே முதலில் தோன்றிய பெரும் வேற்றுமை காலப்போக்கில் மிகவும் சுருங்கிப்போனதை 1954-இல் இன்னொரு கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரே மருந்தை நம்பலாகாது, இரண்டைச் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்ற பாடம் இந்தத் தயக்கமற்ற நேர்மையிலிருந்து கிடைத்தது. அந்த 1954-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் வாலஸ் ஃபாக்ஸ். இரண்டே ஆண்டுகளில் அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

1956-இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடிச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கின. அதன் முதற்கேள்வி நான் தொடக்கத்தில் சொன்னதே. சென்னை நகரத்தின் ஏழை மக்களிடையே, சளியில் கிருமி கண்ட நோயாளிகளாகத் தேர்ந்து, சீட்டின்படி ஒரு பாதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள்; மறுபாதியினரை அவரவர் வீட்டிலேயே இருக்கவிட்டார்கள். இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள்: ஐசோநயாசிட், அதனுடன் பாஸ். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வு, நிறைந்த உணவு, நல்ல காற்று, செவிலியரின் கண்காணிப்பு. வீட்டில் இருந்தவர்களுக்கு அவையொன்றும் இல்லை. ஒற்றை அறையில் குடும்பம் முழுவதும் படுத்திருக்க, முடிந்தவர்கள் வேலைக்கும் போய்க்கொண்டு, மருந்தை வாங்கக் குறித்த நாளில் நிலையத்துக்கு வருவார்கள்.

கட்டுரைகளில் இரண்டொரு வரிகளில் முடிந்துபோகும் ஒரு பெரும் உழைப்பை இங்கே நான் விரித்துச் சொல்லியாகவேண்டும். இந்த அவைக்கு அதுவே உரியது. பாஸ் என்பது கிராம் கணக்கில் விழுங்கவேண்டிய மருந்து. குமட்டும், வயிற்றைப் புரட்டும். உடம்பு தேறத் தொடங்கியவுடன் அதைத் தொடர்ந்து உண்ண எவருக்கும் மனம் வராது. சானடோரியத்திலாவது செவிலி எதிரே நின்று விழுங்கச் செய்வாள். வீட்டில் யார் நிற்பது? ஆகவே ஹெல்த் விசிட்டர்கள் என்ற சுகாதாரப் பெண்மணிகள் வீடு வீடாகச் சென்றார்கள், முன்னறிவிப்பின்றிச் சென்றார்கள். மீதமுள்ள மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிவந்து அதில் மருந்தின் சாயல் இருக்கிறதா என்று சோதிக்கச் செய்தார்கள். சளியைக் கிண்ணத்தில் எப்படிக் கொண்டுவரவேண்டும், எச்சிலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் வேறுபாடு என்ன என்பதைப் பொறுமையாகக் கற்பித்தார்கள். தெரு முழுவதும் எட்டிப்பார்க்க, ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்குள்ளவர்கள் முகம் சுளிக்காதவாறும், அக்கம்பக்கத்தார் நோயின் பெயரை அறியாதவாறும் இவ்வளவையும் செய்வது எத்தகைய கலை என்பதை, நாற்பதாண்டுக் காலம் இத்தொழிலில் இருந்த நான் அறிவேன். அவர்கள் சிறுநீர்க் குப்பியில் ஒட்டிய எண் ஒன்று மாறிப்போயிருந்தால், அறிஞர்களின் கணக்கு முழுவதும் அந்த அளவுக்குப் பொய்யாகியிருக்கும்.

முடிவு என்னவாயிற்று? ஓராண்டு கழிந்து பார்த்தபோது, சானடோரியத்தாரில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. இருநூற்றுக்கும் குறைந்த நோயாளிகளை வைத்துச் செய்த பரீட்சையில் இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. ஓய்வும் உணவும் காற்றும் காவலும் ஒருபுறம் இருக்க, கூரைக்குடிலில் வதங்கியவன் மறுபுறம் இருக்க, தராசு ஏறக்குறையச் சமமாக நின்றது. குணப்படுத்தியது கட்டடம் அன்று, மருந்து.

மறுகேள்வி உடனே எழுந்தது: நோயாளி வீட்டில் இருந்தால் குழந்தைகளின் கதி என்ன? என் பெரியம்மாவைச் சன்னலுக்கு அப்பால் நிறுத்தியதும் இந்த அச்சமே அல்லவா? நிலையத்தார் இரு பிரிவினரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து சோதித்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைக் காட்டிலும் நோய் மிகுதியாகத் தோன்றவில்லை. தொற்று நேர்வது பெரும்பாலும் நோய் இன்னதென்று கண்டறிவதற்கு முன்னமே. மருந்து தொடங்கியபின் அந்தப் பயம் விரைந்து குறைந்துவிடுகிறது. இதைப் படித்த அன்று நான் அழுதேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மருந்து மட்டும் காலத்தில் கிடைத்திருந்தால், அந்தத் தாய் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே பிழைத்திருப்பாள்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புல்லட்டினில் 1959-இல் ஏறத்தாழ நூறு பக்கங்களில் இக்கட்டுரை வெளிவந்தது. யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள், ஏன் விலக்கினார்கள், யார் மருந்தை ஒழுங்காக உண்ணவில்லை என்பவையெல்லாம் அட்டவணை அட்டவணையாக அதில் உள்ளன. தம் முடிவை மறுக்க விரும்புகிறவனுக்கு வேண்டிய கருவிகளையும் அவர்களே எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதன் பலனாக, காசநோய் வைத்தியம் சானடோரியத்தின் வாசலைக் கடந்து மாவட்ட மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வந்தது. மேல்நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. நோயாளி மருந்தைத் தானே உண்ணுவான் என்று நம்பியிராமல், வாரம் இருமுறை எதிரே வைத்துக் கொடுத்துப் பார்க்கும் முறையையும் சேத்துப்பட்டு நிலையமே சோதித்து 1964-இல் வெளியிட்டது. பிற்காலத்தில் உலகமெங்கும் டாட்ஸ் என்று வழங்கிய திட்டத்தின் வேர்களுள் ஒன்று அங்கே இருக்கிறது.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். அதே நோயாளிகளின் உணவைப் பற்றி 1961-இல் அந்நிலையத்தார் மற்றொரு கட்டுரை எழுதினார்கள். வீட்டில் இருந்தவர்கள் உண்ட உணவு, சானடோரியத்தில் கிடைத்ததைவிட அளவிலும் சத்திலும் மிகத் தாழ்ந்தது. சானடோரியத்தார் எடை கூடியது போல அவர்கள் கூடவுமில்லை. இருந்தும் தக்க மருந்துகளை ஓராண்டு ஒழுங்காக உண்டவர்களுக்கு நோய் அடங்குவதில் அந்த உணவுக் குறைவு தடையாக நிற்கவில்லை. கட்டுரை சொன்னது இவ்வளவே. நான் செவிலியர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது, இதைப் பல ஆண்டுகள் இப்படிக் கற்பித்தேன்: காசநோய்க்கு உணவு முக்கியமன்று, மருந்தே முக்கியம். முட்டையும் பாலும் வாங்க வழியில்லையே என்று வருந்திய நோயாளிகளிடம், அதெல்லாம் வேண்டாம் அம்மா, மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள் என்று அன்போடுதான் சொன்னேன். எலும்பும் தோலுமாக வந்து, மருந்து தொடங்கிய சில வாரங்களில் இறந்துபோனவர்களைப் பார்த்தபோதும், நோய் முற்றிவிட்டது என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.

கட்டுரை கேட்ட கேள்வி, மருந்து உண்டு ஓராண்டைக் கடந்தவனின் நோய் அடங்குமா என்பது. பசித்திருப்பவனை நோய் எளிதில் பற்றுமா என்று அது கேட்கவில்லை. உருகிப்போன உடம்பு முதல் மாதத்தைத் தாண்டுமா என்றும் அது தனியே கேட்கவில்லை. கேளாத கேள்விக்கு அது பதில் சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். என்னைப் போல எடுத்துக்கொண்டவர்கள் பலர். காசநோய்த் திட்டங்களில் உணவு நெடுங்காலம் ஓர் ஓரத்தில் கிடந்தது. எழுதியவர்கள்மீது குற்றமில்லை. அவர்கள் எல்லையிட்டுத்தான் எழுதினார்கள். எல்லையை அழித்தவர்கள் படித்த நாங்கள்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிப் பரீட்சையும் இவ்வாறே தவறாகப் படிக்கப்பட்டது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்களை வைத்து நடத்திய அந்தப் பெரும் பரீட்சை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்ற எதிர்பாராத முடிவைத் தந்தது. நடத்தியவர்கள் அதனை மறைக்காமல் வெளியிட்டார்கள். உடனே, ஊசியே வீண் என்று சிலர் சொல்லத் தலைப்பட்டார்கள். குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் காசத்தை அது தடுக்கும் என்பதற்கு வேறு ஆய்வுகளில் தக்க சான்று இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு இன்றும் அவ்வூசியைப் போடுகிறோமென்றால் அதற்காகத்தான்.

உணவைப் பற்றிய கேள்வியை நேர்நின்று கேட்ட ஆய்வு 2023-இல்தான் வந்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா முதலியோர் ராஷன்ஸ் என்ற பெயரால் அதனை நடத்தினர். நோயாளிகள் எல்லாருக்குமே உணவுப் பொருள் கொடுத்தார்கள். குடும்பத்தாரில் மட்டும் ஒரு பிரிவினருக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும். இந்தப் பிரிவில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள் மற்றப் பிரிவைக் காட்டிலும் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு குறைவு. நோயாளிகளிடையே, முதலிரண்டு மாதங்களில் எடை கூடியவர்களுக்கு இறப்பு குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும், ஐயா! வேறு எந்த அரிய பொருளும் அன்று. லான்ஸெட் பத்திரிகையில் அதைப் படித்த இரவு, மாத்திரையை மட்டும் சாப்பிடுங்கள் என்று நான் திருப்பியனுப்பிய முகங்கள் ஒவ்வொன்றாக என் எதிரே வந்து நின்றன. சேத்துப்பட்டில் தொடங்கிய அந்த நிலையமும், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமென்ற பெயரோடு, இவ்வாய்வில் பங்குகொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலிலிருந்து நடந்துவரும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன், ஏனெனில் நாளை உங்களில் பலர் அதில் பணியாற்றப்போகிறீர்கள். நோயென்று தெரிந்த அன்றே, ஆய்வுக்கூடமோ பெரிய கருவியோ இன்றி, சிறிய சுகாதார நிலையத்திலேயே சிலவற்றைப் பார்க்கச் சொல்லுகிறார்கள்: உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, பாதத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிப்பில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? இவற்றில் தவறுகிறவர்களை அன்றே பொறுக்கியெடுத்து, மருத்துவமனையில் சேர்த்து, மருந்தோடு உணவும் கொடுத்துத் தேற்ற முயலுகிறார்கள். சென்ற மாதம் ஒரு கிராமத்து நிலையத்துக்குப் போயிருந்தேன். உங்கள் வயதுடைய செவிலி ஒருத்தி, மெலிந்த முதியவர் ஒருவரின் பாதத்தை முழந்தாளிட்டு அழுத்திப் பார்த்துவிட்டு, தாளில் குறித்துக்கொண்டு, இரு கைகளையும் அவர் விழுந்தால் தாங்குவதற்கு ஏற்றவாறு நீட்டியபடி, "தாத்தா, நாற்காலியைப் பிடிக்காமல் கொஞ்சம் எழுந்திருங்கள், பார்ப்போம்" என்றாள்.